பள்ளிக்கு வராத பையனை எப்படி ஏற்றுக்கொள்வது?

மாலைவகுப்பு (சுங்கை சிப்புட், மலேசியா)
கோயில் மண்டபத்தில் வாரம் மூன்று நாள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே ஆலோசகர் படிப்பும் படிக்கிறேன். இப்போது மனிதநேய உளவியல். எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். என்னிடம் படிக்கும் படிவம் 2 (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) பையன் ஒருவன் ஒரு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. மாமாவோடு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறான். அவனை அப்படியே ஏற்றுக்கொண்டால், பள்ளிக்குப் போகாதது பரவாயில்லை என்று சொன்னதாக ஆகிவிடாதா?

ஓய்வாசிரியர்
டீச்சர், ரோஜர்ஸ் இந்த இடத்துக்கு எப்படி வந்தார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1928 முதல் 12 வருடம் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பிள்ளைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தார். ஒரு பையனின் முரட்டுத்தனத்துக்கு, தாய் அவனைச் சிறுவயதில் ஒதுக்கியதுதான் காரணம் என்று இவருக்குத் தோன்றியது. அந்த அம்மாவுக்கு அதைப் புரியவைக்க வாரக்கணக்கில் முயன்றார். நடக்கவில்லை. சரி, நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் எழுந்துவிட்டார்கள். கதவுவரை போன அம்மா திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். அப்புறம் உட்கார்ந்து தன் மணவாழ்க்கைத் துயரத்தைக் கொட்டினார். ரோஜர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நாளடைவில் தாயும் தேறினார், பையனும் தேறினான். வலி எங்கே என்று வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்பதை அவர் கற்றது அந்த அம்மாவிடம்.

அன்று ஃபிராய்டு வழியினர் பழைய காயத்தைத் தோண்டினார்கள். நடத்தையியலார் பரிசையும் தண்டனையையும் நம்பினார்கள். வளர வேண்டும் என்ற உந்துதல் மனிதனுக்குள்ளேயே இருக்கிறது என்று ரோஜர்ஸ், மாஸ்லோ போன்ற உளவியலாளர்கள் சொன்னதால், அந்த இரண்டுக்கும் அடுத்து வந்த மனிதநேய உளவியலை மூன்றாவது சக்தி என்றார்கள். 1961இல் தனி இதழும் வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏற்பது ஆளை, அவன் செய்வதையெல்லாம் சரி என்பதல்ல. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசக் கூடாது என்பதும் 1957 கட்டுரையில் ரோஜர்ஸ் வைத்த நிபந்தனைதான். அதனால், நீ பள்ளிக்குப் போகாதது எனக்குக் கவலையாக இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது எடுத்த எடுப்பில் அறிவுரைதான். ஒருவன் தலைகுனிந்து, "சரி சார்" என்றான். மறுநாளும் வரவில்லை. ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

லயத்துவீடு
அக்கா, 1943இல் மாஸ்லோ எழுதியதையும் பாருங்கள். பசியும் பாதுகாப்பும்தான் முதலில். அந்த வீட்டில் மாதக் கடைசியில் அரிசி இருக்கிறதா? அப்பா கால் உடைந்து கிடந்தபோது என் தம்பியும் இப்படித்தான் பள்ளியை விட்டு நின்றான். வீட்டுக்கே போய்ப் பாருங்கள்.

மாலைவகுப்பு
நேற்றுப் போனேன். பள்ளிப் பேச்சை எடுக்காமல், குனிந்து பொறுக்கினால் முதுகு வலிக்காதா என்று கேட்டேன். வெகுநேரம் சும்மா இருந்தான். அப்புறம்தான் சொன்னான்: வேன் காசு இரண்டு மாதம் பாக்கியாம். மற்ற பிள்ளைகள் முன்னால் வேன்காரர் கேட்டதிலிருந்து ஏற வெட்கமாம். கோயில் நிர்வாகத்தில் காசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ பள்ளிக்குப் போகாதது எனக்குக் கவலை என்றும் சொன்னேன், சார். வியாழக்கிழமை மண்டபத்துக்கு வருகிறேன் என்றான்.