செம்பு ஏன் பிளாஸ்டிக்காத் தெரிஞ்சது?

ரோஸ் ஹில் தம்பி:
தைப்பூசத்துக்கு இங்க மொரீஷியஸ்ல எங்க கோவில் அழைப்பு வீடியோவுக்காக பிளெண்டர்ங்கற 3D மென்பொருள்ல ஒரு காவடி செஞ்சேன். வளைவு, தென்னங்குருத்து, பூ எல்லாம் ஓரளவு அமைஞ்சுடுச்சு. ரெண்டு பக்கமும் தொங்கற பால் செம்புலதான் மாட்டிக்கிட்டேன். பித்தளை மஞ்சளாப் பார்த்து நிறம் கொடுத்து, பளபளப்பை ஏத்தி, மூணு விளக்கு வெச்சு ரெண்டர் (கணினி கணக்குப் போட்டுத் தர்ற முடிஞ்ச படம்) எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்துட்டு, "இது என்னடா, மஞ்சள் வாளியாட்டம்?"னுட்டாங்க.

பொருளை உலோகமா மாத்தற மெட்டாலிக் அளவை 0-லிருந்து 1-க்கு மாத்தினேன். செம்பு கரிச்சட்டி ஆயிடுச்சு! விளக்கைக் கூட்டினா மூணு பொட்டு மட்டும் மின்னுது, மிச்சமெல்லாம் கறுப்பு.

கடைசியில சாமி ரூம்ல இருந்த நிஜச் செம்பைப் புளி போட்டுத் தேய்ச்சு, வராண்டாவுல வெச்சு எதிர்ல உக்காந்துட்டேன். நான் நெனச்ச மஞ்சள் அதுல பாதி இடத்துல கூட இல்ல. விளிம்புல வானம் வெளுப்பா ஓடுது. வயித்துப் பக்கம் ஜன்னல் கம்பி கறுப்புக் கோடா நெளியுது. அடியில சிமெண்டுத் தரை. நடுவுல என் சிவப்பு பனியன், ஆரஞ்சா. அப்பதான் உறைச்சது: என் காட்சியில காவடியைச் சுத்தி வெறும் இருட்டு. செம்பு எதைத்தான் காட்டும்? அதே வராண்டாவை 360 டிகிரி எச்டிஆர் படமா (வெளிச்சத்தோட அளவையும் பதிவு பண்ற படம்) எடுத்துச் சுத்திப் போட்டேன். மூணு விளக்கையும் அணைச்ச பிறகும் செம்பு செம்பாவே இருந்துச்சு.

போர்ட் லூயி வாத்தியார்:
தம்பி, உங்கள் அம்மாவுக்குக் கண் கூர்மை. கணினிப் படத்தில் ஒளியைக் கணக்கிட 1975-இல் பூய் துவாங் ஃபோங் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முறையில், பளபளப்புப் புள்ளிக்கு விளக்கின் நிறமே வரும்; பொருளின் நிறம் அதில் ஏறாது. பிளாஸ்டிக்குக்கு அது பொருந்தும். நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்கு மேற்பரப்பிலேயே வெள்ளையாகத் தெறித்துவிடும். மற்றது உள்ளே போய் நிறமேறி வெளியே வரும். உலோகத்துக்குள் போன ஒளி போனதுதான். தெறிக்கிற ஒளியே நிறமேறித் தெறிக்க வேண்டும். 1981-இல் குக், டோரன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் காட்ட எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? செம்புக் குடுவை! தாமிர நிறப் பிளாஸ்டிக்கில் ஒன்று, நிஜத் தாமிரத்தில் ஒன்று. வகுப்பில் அந்த இரண்டு படத்தையும் காட்டிவிட்டால் எனக்குப் பாதி பாடம் மிச்சம்.

காத்ர் போர்ன் அக்கா:
என் கதை வெயில் கதை. 2024 தைப்பூசம், ஜனவரி 25. ஊர்வலக் காட்சிக்கு சன் பொசிஷன் ஆடான்ல (சூரியனை அதோட இடத்துல வெக்கற பிளெண்டர் துணைக் கருவி) தேதி, இடம் எல்லாம் போட்டேன். நடுப்பகல்ல ஆறடி ஆளுக்கு அஞ்சடி நிழல், வடக்கே சாயுது. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு, நானும் விட்டுட்டேன். பாட்டி ஒரே பார்வையில பிடிச்சுட்டாங்க: "நாப்பது வருஷம் வெறுங்காலோட காவடி கூட நடந்திருக்கேன். மத்தியானம் நிழல் காலுக்கடியில ஒட்டிக்கிட்டுல்ல கிடக்கும்? ஒதுங்கக் கூட நிழல் இருக்காதே!"

போய்ப் பார்த்தா, அட்சரேகையில 20-க்கு முன்னாடி மைனஸ் போட மறந்திருக்கேன். மொரீஷியஸைத் தூக்கி வடகோளத்துல வெச்சுட்டேன்! நம்ம ஊர்ல ஜனவரிக் கடைசியில சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில நிக்கும். மைனஸ் போட்டதும் நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்துடுச்சு. முகமெல்லாம் காவடி வளைவோட நிழல்ல இருண்டு போச்சு, கண்ணே தெரியல. அதுக்கு என்ன செஞ்சேன்னா, தார் ரோட்டோட நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க விட்டேன். கீழேயிருந்து எதிரொளி ஏறி முகம் தெளிஞ்சுது. இது ஏமாத்து வேலைதான், ஒத்துக்கறேன்.

பம்ப்ளமூஸ்காரன்:
அபிஷேகப் பாலை யாராவது சரியா செஞ்சிருக்கீங்களா? எனக்கு எப்பவும் சுண்ணாம்புக் கரைசல் மாதிரியே வருது.

போர்ட் லூயி வாத்தியார்:
சப்சர்ஃபேஸ் என்ற அமைப்பைப் போடுங்கள். பாலில் விழுந்த ஒளி உள்ளே அலைந்துவிட்டு வேறொரு இடத்தில் வெளியே வரும். ஒளி உள்ளே பரவும் தூரமான ஆரத்தை ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள், மெழுகாகிவிடும்.

ரோஸ் ஹில் தம்பி:
அக்கா, உங்க பதிவைப் படிச்சதும் வயித்தைக் கலக்குது. என் வராண்டா படம் சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தது. வீடியோவுல காவடி கிளம்பறது காலையில. இன்னும் யாரும் கேக்கல. தயவுசெஞ்சு பாட்டிகிட்ட மட்டும் காட்டிடாதீங்க.