பொருள்: மைப்பேனா மூடியைப் பின்முனையில் பொருத்துவதற்கு ஒரு சொல்

தொடங்கிய மடல்

அன்புடையீர், வெள்ளி மூடி கொண்ட உயர்விலை மைப்பேனா ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். முள், நாக்கு, கழுத்து, கொக்கி ஆகியவற்றுக்கு வழக்குச் சொற்களே போதும். எழுதும்போது மூடியைப் பேனாவின் பின்முனையில் பொருத்திக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘போஸ்டிங்’ என்கின்றனர். அதற்குத்தான் சொல் அமையவில்லை. 925 தர வெள்ளியின் அடர்த்தி, பேனா உடலான அக்ரிலிக் நெகிழியின் அடர்த்தியைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் என்பதால், மூடி பின்னால் ஏறியதும் எடைமையம் பின்னோக்கி நகர்ந்து, பேனா கையில் அமரும் விதமே மாறிவிடுகிறது. எனவே கையேட்டில் இச்செயல் பலமுறை பேசப்படுகிறது. ‘பின்செருகல்’ பொருந்துமா?

மறுமொழி

பொருந்தாது. கத்தியை உறையில் செருகுகிறோம். உறையைக் கத்தியில் செருகுவதில்லை. ‘மூடிசூட்டல்’ என்று யாரேனும் முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்: சூடுதல் தலைக்கு உரியது, மேலும் அச்சில் ஒரு நெடில் குறிலானால் அது முடிசூட்டு விழாவாகிவிடும்.

மறுமொழி

காண் என்பது காட்டு எனவும், உண் என்பது ஊட்டு எனவும் பிறவினையாவது போலப் பூண் என்பது பூட்டு ஆகும். உலக்கை முனையின் உலோக வளையத்தைப் பூண் என்பதால் வெள்ளிக்கும் இச்சொல் இயல்பாகவே இயைகிறது. செய்யுளின் முதற்சொல் இறுதிச் சொல்லோடு சென்று இணைவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்றனர் இலக்கணிகள்; முன்முனை மூடி பின்முனையில் சென்று சேர்வதும் அதுவே அன்றோ? ஆகவே ‘பின்பூட்டு’ என்பேன்.

மறுமொழி

அழகிய விளக்கம்தான், ஆயினும் ‘பின்பூட்டு’ என்று படிப்பவர் சாவியைத் தேடுவார். பேனா பிடிப்பவர் எவரும் சொல்வது ‘மூடியைப் பின்னால் மாட்டி எழுது’ என்பதே. இலக்கணப் பெருமையும் வேண்டுமெனில், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள், சொற்களைப் பொருள் முடிய இணைக்கும் ‘மாட்டு’ என்பதும் ஒன்று. ‘பின்மாட்டல்’ என்று முடிப்போம்.

மறுமொழி

கொக்கியால் பேனாவைச் சட்டைப்பையில் வைப்பதும் மாட்டல்தானே? மேலும், மாட்டல் என்பதில் தொங்கும் பொருள் இருக்கிறதே ஒழிய இறுக்கம் இல்லை. நல்ல மூடி ஆடாமல் இறுகி அமரும். தளர்ந்து நின்றால் வரிக்கு வரி ஆடிக் கையை அலுக்கச் செய்யும், மிகையாக அழுத்தினாலோ உலோக விளிம்பு உடலின் மெருகைக் கீறும். இந்த அளவான இறுக்கத்தைக் குறள் 1275-இல் வரும் ‘செறிதொடி’ (செறிந்த வளையல் அணிந்தவள்) நன்கு உணர்த்துகிறது. ‘பின்செறிப்பு’ எனலாம்.

மறுமொழி

அதே கையேட்டில் மையின் செறிவு பற்றியும் ஓர் இயல் இருக்குமே, இரண்டும் குழம்பும்.

தொடங்கிய மடல்

நன்றி. பெரும்பான்மையோர் சாய்வை ஏற்று, தலைப்புகளில் ‘பின்மாட்டல்’ என்றும், விளக்கத்தில் ‘மூடியைப் பின்முனையில் மாட்டுதல்’ என்றும் எழுதியுள்ளேன். சட்டைப்பைக்கு ‘கொக்கியிடுதல்’ எனப் பிரித்துவிட்டேன்.

மறுமொழி

கையேடு அச்சேறட்டும், ‘பின்செறிப்பு’ மீதான என் வாதத்தை நான் திரும்பப் பெறவில்லை. மையின் செறிவு பெயர், மூடியின் செறிப்பு பிறவினைத் தொழிற்பெயர். இவை குழம்பும் என்பதற்கு ஒரு சொற்றொடரையேனும் காட்டுங்கள்.