புதுப்பிப்பு: கடை வாசலில் விழுந்த அம்மாவுக்கு நட்டஈடு கிடைத்தது (மட்டக்களப்பு)

போன தடவை பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: மட்டக்களப்பு நகரில் ஒரு கடை வாசலில், கானுக்கு மேலே போட்டிருந்த கொங்கிறீட் மூடி உடைந்து அம்மாவின் கணுக்கால் முறிந்தது. "பார்த்து நடக்கவேணும்" என்று முதலாளி கையை விரித்துவிட்டார். நட்டஈடு கேட்கலாமா என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, மத்தியஸ்த சபைக்கு (வழக்குப் போடாமல் பிணக்கைப் பேசித் தீர்க்க உதவும் சபை) போகச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு விண்ணப்பித்தோம். சபையில் சட்டத்தரணி நமக்காகப் பேச முடியாது. அம்மாவே பேசினார், நன்றாகவே பேசினார். புது மூடி போடுமுன் படம் எடுக்கச் சொன்ன அக்காவுக்கும் பெரிய நன்றி. உள்ளே கம்பி துருவேறி நூலாக மெலிந்திருந்தது படத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு முதலாளி அதிகம் வாதாடவில்லை.

எதிர்பாராதது ஒன்று. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், காட்டுவதற்கு பில் இல்லை. அப்போதுதான் அம்மாவின் தையல் கொப்பி உதவியது. யாருக்குச் சட்டை தைத்தார், எவ்வளவு வாங்கினார் என்று திகதியோடு எழுதி வைத்திருந்தார். இழந்த உழைப்பை அதை வைத்தே கணக்குப் பார்த்தார்கள். ஓட்டோச் செலவும் சேர்த்துத் தவணையாகத் தர ஒப்புக்கொண்டு கையெழுத்தாயிற்று. முதல் தவணை வந்துவிட்டது.

இணக்கம் வராவிட்டால், சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். ஆனால் இப்படியான நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.