ஆர்மலு: தமிழில் என்ன சொல்லலாம்?

> ஆர்மலுவுக்குத் ‘தங்கமுலாம்’ போதாதா? இல்லையென்றால் ‘அரைபொன்’ எனலாமா?

ஐயா, வணக்கம். ஆர்மலு என்பது பாதரசக் கலவையால் பொன் பூசிய வெண்கலம். நீங்கள் சொன்ன இரண்டுமே சரிவராது என்பது என் கருத்து. ‘தங்கமுலாம்’ எந்த முறையில் பூசியதற்கும் பொருந்திவிடும்.

பிரெஞ்சில் ‘ஓர்’ என்றால் பொன், ‘மூலு’ என்றால் அரைத்தது. அதை அப்படியே ‘அரைபொன்’ என்றால் நம் ஆட்கள் பாதிப் பொன் என்றுதான் படிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களே இன்று அந்தப் பொருளைப் ‘பொன்பூசிய வெண்கலம்’ என்ற பொருளில் ‘பிரோன்ஸ் தொரே’ என்கிறார்கள். ஆர்மலு ஆங்கிலத்தில்தான் நிலைத்தது. அங்கேயும் பொன்னிறமான வெறும் செம்பு-துத்தநாகக் கலவைக்கும் அதே பெயரை வைத்துக் குழப்பிவிட்டார்கள். அதனால் சொல்லைப் பெயர்க்காமல் செய்முறையைப் பார்த்துப் பெயரிடுவோம்.

தங்கத்தை மெல்லிய துணுக்குகளாக்கிச் சூடேற்றி, ஏறத்தாழ எட்டுப் பங்கு பாதரசத்தில் கரைப்பார்கள். மென்தோலில் கட்டிப் பிழிந்தால் மிகுதிப் பாதரசம் வெளியேறி, வெண்ணெய்ப் பதத்தில் இரசக்கலவை நிற்கும். வெண்கலத்தை நன்றாகத் துலக்கி, பாதரச நைட்ரேட் கரைசல் தடவ வேண்டும். இதைத் தவறவிட்டால் கலவை ஒட்டாது, திட்டுத்திட்டாக வழுகும். பிறகு பித்தளைக் கம்பித் தூரிகையால் கலவையைப் பரப்பி, கரியடுப்பில் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். பாதரசத்தின் கொதிநிலை 357 பாகை செல்சியஸ். அதற்குக் கீழேயே அது ஆவியாகத் தொடங்கிவிடும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கொப்புளம் விழும். அளவு மீறிக் காய்ச்சினால் தங்கம் செம்புக்குள் ஊடுருவி நிறம் மங்கும். வார்ப்பில் ஈயம் கூடினாலும் கறை படியும், ஏனென்றால் ஈயம் பாதரசத்தில் கரையும். பாதரசம் போனபின் எஞ்சும் தங்கம் மங்கலாகவே இருக்கும். அதை அகேட் என்னும் கடினமான மணிக்கல்லால் தேய்த்துத்தான் மெருகேற்றுவார்கள்.

அந்தப் பாதரச ஆவி தொழிலாளிகளின் நரம்பையும் சிறுநீரகத்தையும் அழித்தது. பிரான்சின் பூர்போன் மன்னர்களின் அரண்மனைக் கடிகாரங்களில் நாம் வியக்கும் பளபளப்புக்கு அவர்கள் கொடுத்த விலை அது. கலைச்சொல்லில் அந்தத் தீயின் தடம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1840இல் எல்கிங்டன் குடும்பத்தார் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மின்வழிப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றபின் பழைய முறை ஒதுங்கியது. அதற்கு நம்மிடம் ‘மின்முலாம்’ ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு இணையாக இதைத் ‘தீமுலாம்’ எனலாம்.

முலாம் அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல்தானே, ‘வேய்தல்’ நம் சொல்லாயிற்றே என்று சிலர் கேட்கலாம். முதலாம் பராந்தகன் தில்லையில் பொன் வேய்ந்தான். அது தகட்டால் மூடுவது. ஆர்மலுவில் தகடே கிடையாது. தஞ்சாவூர் ஓவியத்தில் ரேக்கு, அதாவது மெல்லிய பொன்தாள், ஒட்டுவதும் வேறு வேலை. வேய்தலைத் தகட்டுக்கே விட்டுவிடுவோம்.

> தீமுலாம்

செய்முறைப் பிரிப்பு சரி ஐயா, சொல்லில் மட்டும் ஒரு சிக்கல். தீவினை, தீநெறி என்று பழகிய கண்ணுக்குத் ‘தீமுலாம்’ கெட்டுப்போன முலாமாகத் தெரியும். ‘சுடுமண்’ இருக்கிறதே, அந்த வழியில் ‘சுடுமுலாம்’ எனலாம். ஆனால் இரும்பை உருக்கிய துத்தநாகத்தில் தோய்ப்பதையும் யாராவது அப்படி அழைக்க இடமுண்டு. ஆகவே பொன்னையும் சேர்த்து ‘சுடுபொன்முலாம்’.

அருங்காட்சியகச் சீட்டில் ‘சுடுபொன்முலாம் பூசிய வெண்கலம்’ என்று எழுதும்முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். காய்ச்சியபின்னும் பூச்சுக்குள் சிறிது பாதரசம் தங்கியிருக்கும். எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் அது தெரியும். தெரியாவிட்டால் வெறும் ‘பொன்முலாம்’ என்று பொதுவாகப் போடுவதே நேர்மை. உடல் வெள்ளியாக இருந்தால், அதாவது ‘வெர்மெய்’ என்றால், ‘பொன்முலாம் வெள்ளி’ என்று எழுதலாம்.