லைன் 155, டிஸ்க் 160: கணக்கு எங்கே உதைத்தது?

பழைய டேப் ஆள், ஜூரோங்:

லைன் வேகத்தையும் டிஸ்க் வேகத்தையும் ஒப்பிட்டு மாட்டிக்கொண்டவர்கள் கதையைக் கேட்டிருந்தீர்கள். என் கதை 2000-களின் தொடக்கத்தில், இங்கே சிங்கப்பூரில் நடந்தது. அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில், ராத்திரி பேக்கப்பை டேப்பில் ஏற்றி அனுப்புவதை விட்டுவிட்டு, தை செங் பக்கம் இருந்த இன்னொரு மையத்துக்கு லைன் வழியாகவே அனுப்பலாம் என்று மேலிடம் யோசித்தது. லைன் விற்க வந்தவர் ஸ்லைடில் இரண்டு எண்களை அருகருகே போட்டிருந்தார். எஸ்டிஎம்-1 என்ற டெலிபோன் கம்பெனி லைன் 155, எங்கள் அல்ட்ரா160 ஸ்கஸி (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் முறை) டிஸ்க் 160. “ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 500 கிகாபைட் ஒரு மணி நேரத்துல போயிடும்” என்றார். மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

எங்கள் டீமில் முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஓர் அண்ணன் உண்டு. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “சார், அந்த 155 பிட்டா, பைட்டா?”

ஸ்லைடில் அலகே இல்லை. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அண்ணன் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டியது இன்றும் மறக்கவில்லை. டெலிபோன்காரர்களுக்கு எல்லாமே குரலிலிருந்து தொடங்குகிறது. ஒரு குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். எஸ்டிஎம்-1-உம் அதே 8,000 தாளத்தில்தான் ஓடுகிறது: 9 வரிசை, 270 பத்தி, ஆக 2,430 பைட் கொண்ட சட்டம் (ஃபிரேம்) ஒன்று, நொடிக்கு 8,000 தடவை. பெருக்கினால் 155.52 மெகாபிட். எட்டால் வகுத்தால் 19.44 மெகாபைட்.

ஸ்கஸி வேறு ஊர். அங்கே பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் சேர்ந்தே வருகின்றன. அல்ட்ரா160-இல் 16 கம்பி, அதாவது ஒரு தடவைக்கு 2 பைட். கடிகாரம் 40 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு தடவை தரவு. 2 × 40 × 2 = 160 மெகாபைட். பிட்டில் சொன்னால் 1,280 மெகாபிட். ஸ்லைடில் ஒட்டி நின்ற இரண்டு எண்களுக்கு நடுவே எட்டு மடங்கு இடைவெளி.

அதோடு முடியவில்லை. 155.52-இல் லைனின் சொந்த நிர்வாகச் செலவு போக மிஞ்சுவது 149.76. எங்களுக்குக் கொடுக்க இருந்தது ஏடிஎம் முறை (பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல, தரவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக வெட்டி அனுப்புவது). அதில் ஒவ்வொரு 53 பைட்டிலும் 48 மட்டுமே சரக்கு, மீதி முகவரி. ஆக 135.6 மெகாபிட், அதாவது 17 மெகாபைட்டுக்கும் கொஞ்சம் கீழே. ஐபி தலைப்புகளையும் (இணைய முறைப்படி தரவோடு சேர்ந்து போகும் முகவரி விவரம்) கழித்து 16 என்று வைத்துக்கொண்டோம். 500 கிகாபைட்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம். எங்களுக்குக் கிடைத்ததோ இரவு 11 முதல் காலை 6 வரை.

கடைசியில் அன்றன்று மாறியவை மட்டும் லைனில் போயின, முழு பேக்கப் பழையபடி டேப்பில் வேன் ஏறியது. எல்டிஓ என்ற பேக்கப் டேப் வகையின் முதல் தலைமுறை டேப் ஒன்றில் 100 கிகாபைட் பிடிக்கும். ஐந்து டேப் அரை மணியில் தீவைக் கடந்தால் நொடிக்கு 277 மெகாபைட், லைனையும் ஸ்கஸியையும் விட வேகம்! இதை அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒவ்வொரு டேப்பையும் எழுதவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

தெம்பனிஸ்வாசி:

எங்கள் வீட்டில் இதே கூத்து தலைகீழாக நடந்தது. ஒரு கிகாபிட் ஃபைபர் போட்டோம். “காசு கொடுத்தும் வேகம் இல்லையே” என்று அப்பாவுக்குக் கோபம். போய்ப் பார்த்தால், எல்லாவற்றையும் பழைய யூஎஸ்பி 2.0 டிஸ்க்கில் நேராக இறக்கிக்கொண்டிருக்கிறார். யூஎஸ்பி 2.0 பெட்டியில் 480 மெகாபிட் என்றிருக்கும், வகுத்தால் 60 மெகாபைட், கைக்கு வருவது 30, 40 தான். லைனில் செலவு போக 940 மெகாபிட் அளவுக்கு வரும், 117 மெகாபைட். விண்டோஸ் 1024-ஆல் எண்ணுவதால் அதையும் 112 என்றுதான் காட்டும். அந்த ஐந்தையும் யாரோ திருடிவிட்டதாக அப்பா இன்னும் நம்புகிறார்.

ஈசூன் அக்கா:

எங்கள் அமெரிக்கத் தலைமை அலுவலகம் லைன் வேகத்தை எதற்கெடுத்தாலும் “ஒரு டி1” என்று பேசும். அது 1.544 மெகாபிட், 24 குரல்தடம். இங்கே நமக்கு இ1, 32 தடம், 2.048 மெகாபிட். அவர்கள் அனுப்பிய நேரக்கணக்கு இங்கே எப்போதும் பொருந்தாது. லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி லைன்) என்று பெரிதாகப் பேசினோமே, இ1 என்பது நொடிக்கு 256 கிலோபைட். இரட்டை வேக சிடி டிரைவ் 300. மாதா மாதம் அதற்குக் கட்டிய வெள்ளியை (டாலரை) நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஒரு சந்தேகம்: கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா 3 என்பது 6 கிகாபிட். எட்டால் வகுத்தால் 750 வர வேண்டும், எல்லோரும் 600 என்கிறார்களே?

பழைய டேப் ஆள், ஜூரோங்:

அக்கா, சாட்டாவில் ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகத்தான் போகும். அதனால் அதைப் பத்தால் வகுக்க வேண்டும், 1.5 கிகாபிட்டுக்கு 150, 6-க்கு 600. நெட்வொர்க் லைனான ஈதர்நெட்டில் அப்படிச் செய்யாதீர்கள். 10 கிகாபிட் ஃபைபரில் உண்மையில் ஓடுவது 10.3125, அந்தக் கூடுதல் பிட்டுகளைக் கழித்த பிறகுதான் 10 என்று சொல்கிறார்கள். அங்கே எட்டால் வகுத்தால் போதும், 1,250 மெகாபைட். நாடு முழுக்க 10 கிகாபிட் வரை கொண்டுவர 10 கோடி வெள்ளி வரை செலவிடுவதாக 2024-இல் அரசு அறிவித்ததே, அதை வாங்கி சாட்டா எஸ்எஸ்டியில் இறக்கினால் பாதி வேகம்கூட வராது. தெம்பனிஸ் தம்பி, அப்பாவிடம் இதை இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.