புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அம்மாவுக்கு முதியோர் இல்லம் (78 வயது, சர்க்கரை, இன்சுலின்)

மாத வாடகையா, லைஃப் ரைட்டா (மொத்தமாகப் பணம் கட்டி வாழும்வரை தங்குவது) என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மாத வாடகைதான் முடிவு.

லைஃப் ரைட் வேண்டாமென்றதற்குக் காரணம்: வாங்குவது வீட்டை அல்ல, வாழும்வரை இருக்கும் உரிமையை. காலமான பின் ஒப்பந்தப்படி ஒரு பங்குதான் திரும்பும். பெரும்பாலும் அந்த வீடு மறுபடி விலைபோன பிறகே. படுக்கையில் விழுந்தால் ஃபிரெயில் கேரில் (முழுநேரக் கவனிப்புப் பிரிவு) இடம் உறுதியா என்பதும் தனிக் கேள்வி.

2006 முதியோர் சட்டப்படி இல்லம் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டதுமே ஒரு இடம் கழன்றுகொண்டது.

உண்மையில் கைகொடுத்தது ஒரு நர்ஸ் அக்கா சொன்ன யோசனை: சொல்லாமல், காலைச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். பார்க்க அழகான ஓரிடத்தில் 6 மணிக்கு இன்சுலின், 8 மணிக்குச் சாப்பாடு. வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்டுச் சுமார் கால் மணிக்குள் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். இரவில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்றும் கேளுங்கள். பகல் கணக்கைத்தான் காட்டுவார்கள்.

எதிர்பாராதது: டயப்பர், மருந்து எடுத்துக்கொடுக்கும் கட்டணம், துணி துவைப்பு எல்லாம் தனி பில். லோட் ஷெடிங்குக்கு (முறைவைத்து வரும் மின்வெட்டு) ஜெனரேட்டர் உண்டு, ஆனால் அறை பிளக்குகளுக்கு வராது. ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்போர் கவனிக்கவும். புரட்டாசிக்குத் தனிப் பாத்திரத்தில் சைவம் சமைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியாயிற்று.