ஷியாமெனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதல் மாதமே வெளியே கிளம்புங்கள்

படிக்கவோ வேலைக்கோ சீனாவின் ஷியாமெனுக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் சில மாதங்கள் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். மொழி தெரியாது, பாதை தெரியாது, கையில் இருக்கும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்றே தெரியாது. சனி ஞாயிறு வந்தால் ஊருக்கு வீடியோ கால், அப்புறம் தூக்கம். நானும் நாலு மாதம் அப்படித்தான் இருந்தேன். அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. இது கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் தீவு நகரம். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று கண்ணில் படும். அதனால் பாத்திரம் பண்டம் வாங்கி முடிக்கும் வரை காத்திருக்காமல் முதல் மாதமே கிளம்பிவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கிளம்பும் முன் சில வேலைகள். வந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தங்குமிடப் பதிவு செய்ய வேண்டும். ஹோட்டலில் இருந்தால் அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் நீங்கள்தான் போக வேண்டும். போனில் பணம் கட்டும் செயலிகளான அலிபேயும் வீசாட்டும் போட்டு உங்கள் கார்டை இணைத்துக்கொள்ளுங்கள், இளநீர்க்காரர் வரை எல்லாரும் கியூஆர் கோடுதான் நீட்டுவார்கள். கூகுள் மேப் இங்கே வேலைக்கு ஆகாது, காவ்தே என்ற வரைபடச் செயலிதான் கதி. பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். படகு, ரயில், பல்கலைக்கழக வாசல் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

எல்லாரும் முதலில் ஓடுவது குலாங்யூ தீவுக்கு. ஓடத்தான் வேண்டும். 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சின்னத் தீவு. ஆனால் எந்தத் துறையில் படகு ஏறுவது என்பதில் ஏறக்குறைய எல்லாரும் தடுமாறுகிறார்கள். தீவுக்கு நேர் எதிரே, ஐந்து நிமிடத்தில் கடக்கிற தூரத்தில் ஒரு படகுத்துறை இருக்கிறது. பகலில் அது உள்ளூர்க்காரர்களுக்கு. வெளியூர்க்காரர்கள் வடக்கே இருக்கும் பெரிய கப்பல் முனையத்துக்குப் போய், பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு செய்த சீட்டில் ஏற வேண்டும். நான் முதல் தடவை எதிரே இருக்கும் துறைக்குப் போய் நின்றேன். இடம் மாறி ஓடுவதற்குள் என் படகு கிளம்பிவிட்டது. மறுநாளுக்குத்தான் மறுபடி சீட்டு கிடைத்தது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று தீவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், விடுமுறை நாட்களில் சீட்டு சீக்கிரமே தீர்ந்துவிடும்.

முடிந்தவரை நாளின் முதல் படகைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் கொடி பிடித்த வழிகாட்டிகளின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். தீவில் கார், பைக் எதற்கும் அனுமதியில்லை. காலை ஏழரை மணிக்கு அங்கே நடந்தால் தெருவில் கேட்பது தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம் மட்டும்தான். தீவுக்குள் வரும் ஒவ்வொரு மூட்டை அரிசியும் ஒவ்வொரு கேஸ் சிலிண்டரும் மனிதர் இழுத்துத்தான் மேலே ஏறுகிறது. ஒருவர் தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்து இழுக்கிறார், இன்னொருவர் பின்னால் கை வைத்துத் தள்ளுகிறார். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் உடனே காலால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். அவர்கள் வரும்போது ஒதுங்கி வழி விடுங்கள், வண்டி இறக்கத்தில் வேகமாக வரும். உச்சியில் இருக்கும் சூரியப் பாறை 90 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஏறிவிட்டால் ஒரு பக்கம் தீவின் சிவப்பு ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் நகரத்தின் உயரமான கட்டடங்கள்.

சரி, காசு செலவில்லாத விஷயத்துக்கு வருகிறேன். ஷியாமென் தீவின் கிழக்குக் கரை முழுக்கக் கடலோரச் சாலை ஓடுகிறது. வழக்கமாக ஜனவரியில் ஷியாமென் மாரத்தான் நடப்பது இந்தச் சாலையில்தான், 2003-லிருந்து நடக்கிறது. போனில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்தால் வாடகை சைக்கிள் கிடைக்கும், விடியற்காலையில் ஹுவாங்சுவோ கடற்கரைக்குப் போய்ச் சூரிய உதயம் பாருங்கள். கடலில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று: இங்கே ஏற்றவற்றம் மிகப் பெரிது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சராசரியாக நாலு மீட்டர் வித்தியாசம், அதுவும் நாளுக்கு இரண்டு முறை. மெரினாவில் நின்று பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. காலையில் நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்த பாறை மத்தியானம் தண்ணீருக்குள் இருக்கும். வற்றம் இருக்கும்போது பாட்டிகளும் பிள்ளைகளும் சின்ன வாளி, மண்கரண்டியோடு சிப்பி பொறுக்க இறங்குவார்கள். அவர்களோடு சேர்ந்து இறங்குங்கள், அவர்கள் கரை ஏறும்போது நீங்களும் ஏறிவிடுங்கள். நேரக் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் ஓட்டுவோருக்கு இன்னொன்று உண்டு. விரைவுப் பேருந்து மேம்பாலத்துக்கு அடியில் தொங்குகிற மாதிரி 7.6 கிலோமீட்டருக்கு ஒரு தனிச் சைக்கிள் பாதை, தரையிலிருந்து சுமார் ஐந்து மீட்டர் உயரம். 2017-ல் திறந்தார்கள். நடப்பதற்கும் மின்சார வண்டிக்கும் அனுமதி கிடையாது, பெரும்பாலான இடங்களில் மழை வெயில் இரண்டும் மேலே விழாது. நடக்கிறவர்களுக்கு மலை முகடுகளை இரும்புப் பாலங்களால் இணைத்த 23 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. முழுவதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, நடுவில் எத்தனையோ இடங்களில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். நான்புத்துவோ பௌத்தக் கோயிலுக்குப் பின்னால் ஏறினால் தாவரவியல் தோட்டம் வரை போய்விடலாம்.

மே, ஜூனில் தெருவோரம் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்து நின்றுவிடுவீர்கள். நம் செம்மயிற்கொன்றைதான். இந்த நகரத்தின் மரமே அதுதான், நகரப்பூ காகிதப்பூ. நம்மூரில் ஏப்ரலில் திண்டுக்கல் பக்கம் பஸ்ஸில் போகிற உணர்வு வரும். வீட்டு நினைப்பு அதிகமாக இருக்கும் வாரத்தில் அந்த மரங்களுக்குக் கீழே போய் உட்கார்ந்தது எனக்கு உண்மையாகவே உதவியது.

பருவம் பற்றி. அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் வரை சொர்க்கம். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை, அப்போது மட்டும் எங்கேயும் போகாதீர்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் மூடுபனியும் ஈரமும், சுவர் வியர்க்கும், துவைத்த துணி காயாது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளி. 2016 செப்டம்பர் 15 அதிகாலையில் மெராந்தி சூறாவளி இந்த நகரத்தை நேராகத் தாக்கிச் சாலையெல்லாம் மரங்களைச் சாய்த்தது. அதனால் எச்சரிக்கையை லேசாக எடுக்காதீர்கள். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் ஏறும். ஆரஞ்சு வந்தால் கடற்கரைப் பக்கமே போகாமல் தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். 'வோ ச்சீ சூ' என்றால் நான் சைவம். ஆனால் குழம்பு எதில் கொதித்தது என்று தனியாகக் கேட்க வேண்டும், எலும்பு ரசம்தான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. நான்புத்துவோ கோயில் உணவகத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அசைவக்காரர்கள் ஷாச்சா நூடுல்ஸைச் சாப்பிட்டுப் பாருங்கள். தென்கிழக்காசியாவின் சாத்தே இந்த ஊருக்குக் குடியேறி வந்த வடிவம் அது, வேர்க்கடலை வாசத்திலேயே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கிழக்குக் கடற்கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற கின்மென் தீவு தைவானின் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே போகும் படகில் ஏறினால் சீனப் பெருநிலத்தை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவு விசாவில் இருப்பவர் திரும்பி உள்ளே வர முடியாது. தைவானுக்கும் தனி அனுமதி வேண்டும். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் படகு போதும்.

ஜிமெய்க்கு மெட்ரோ முதல் பாதையில் ஒருமுறை போங்கள். தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடலை ஒட்டியே ரயில் ஓடுகிறது. அங்கே இருக்கும் பள்ளிக் கட்டடங்களைக் கட்டியவர் டான் கா கீ. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ரப்பரில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து 1913-ல் தன் ஊரில் பள்ளியும் 1921-ல் ஷியாமென் பல்கலைக்கழகமும் தொடங்கினார். அந்த மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் நம் ஆட்கள் எத்தனை ஆயிரம்! அந்தக் கட்டடங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அதுதான் தோன்றியது.

கடைசியாக, ஒரு நாளாவது ச்சுவான்ஜோவுக்கு ஒதுக்குங்கள். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று, தமிழ் வணிகர்கள் வந்து தங்கி சிவன் கோயில் கட்டிய ஊர். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் ஆண்ட 1281-ஆம் ஆண்டு சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளுவித்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இங்கே கிடைத்தது. கோயில் இன்று இல்லை, அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கடல்சார் அருங்காட்சியகத்தில் சிற்பங்களைப் பாருங்கள், லிங்கத்தை யானை வணங்கும் காட்சியைக் கண்டதும் திருவானைக்காவல் நினைவு வரும்.

அதன்பின் கைய்யுவான் என்ற பௌத்தக் கோயில். முன்புறம் ஊதுபத்திப் புகையும் கூட்டமுமாக இருக்கும், எல்லாரும் இரட்டைக் கற்கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். அருகில் போனால் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் உருவங்கள் தெரியும்: மடியில் கிடத்திய இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், ஒரு வட்டத்தில் கண்ணன். பல நூறு வருஷ மழையில் முகங்கள் தேய்ந்திருந்தாலும் நிற்கும் தோரணையிலேயே யார் என்று சொல்லிவிடலாம். எனக்குப் பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் போனில் மொழிபெயர்த்து இது என்ன கதை என்று கேட்டார். தூணிலிருந்து சிங்கம் வந்த கதையை அந்தத் தூணின் முன்னாலேயே அவருக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் தூணை மறுபடி ஒரு சுற்று சுற்றி வந்தார்.

அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் போங்கள். காலையில் அருங்காட்சியகம், சாயங்காலம் கோயில் என்று வைத்துக்கொள்ளலாம். ரயில் நிலையம் பழைய நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது, திரும்பும் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கோயிலை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.